காரின் பிறேக் டிஸ்க்கை வீட்டிலேயே மாற்றுவது: எதுவரை சமாளிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

2020 மார்ச்சில் இந்த நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான கார்களைத் திரும்பக் கொண்டுவர அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில். இடையில் ரூபாய் விழுந்தது, எரிபொருளுக்கு கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்றோம், கராஜ்களில் வேலை தெரிந்த பெடியள் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். விளைவு, வடக்கிலும் கிழக்கிலும் மாற்றியிருக்க வேண்டிய கார்களும் வான்களும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓடுகிற வாகனத்தில் எந்தச் செலவைப் பிற்போடலாம் என்று யோசிக்கும்போது முதலில் அகப்படுவது பிறேக்தான். ஸ்ராற் வராவிட்டால் உடனே மெக்கானிக்கைத் தேடுகிறோம். பிறேக்கில் சத்தம் வந்தால் அடுத்த மாதம் பார்ப்போம் என்கிறோம்.

முன் சில்லுகளின் பிறேக் டிஸ்க்கை வீட்டு முற்றத்தில் வைத்து எப்படி மாற்றுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விட்ஸ் காருக்கு நானும் அத்தானும் சேர்ந்து மாற்றியிருக்கிறோம். அத்தான் பதினைந்து வருடம் கராஜில் வேலை செய்தவர். நான் ஊடகக் கல்வி படித்தவள். ஆகவே தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் தெரியாத ஒருவர் எவ்வளவு தூரம் செய்யலாம் என்பதை என்னால் சொல்ல முடியும். அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாமல் முதற்தடவை இதைத் தொடாதீர்கள்.

அதற்கு முன் எங்களுடைய ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராற் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றரி இல்லாத வீடுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அந்தக் கெட்டித்தனத்தைப் பற்றி எங்களுக்குப் பெருமை உண்டு, அது நியாயமான பெருமை. ஆனால் அந்தக் காலத்துச் சமாளிப்புகள் பெரும்பாலும் எஞ்சினோடு சம்பந்தப்பட்டவை. எஞ்சின் கைவிட்டால் வாகனம் நின்றுவிடும், இறங்கித் தள்ளலாம். பிறேக் கைவிட்டால் வாகனம் நிற்காது. அதே மனநிலையை பிறேக்குக்கும் கொண்டுபோகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். தேய்ந்து மெலிந்த டிஸ்க்கை லேத்தில் இன்னொரு தடவை கடைவது, பிறேக் ஒயிலுக்குப் பதிலாகக் கையில் இருக்கிற ஒயிலை ஊற்றலாமா என்று கேட்பது, காரைச் சீமெந்துக் கல்லின் மேல் ஏற்றிவிட்டு அடியில் படுப்பது எல்லாம் அதில் அடங்கும்.

டிஸ்க்கின் வேலை

சில்லோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டுத்தான் டிஸ்க். மிதியை அழுத்தும்போது பிறேக் ஒயில் கலிப்பருக்குள் இருக்கும் பிஸ்ரனைத் தள்ளுகிறது. பிஸ்ரன் இரண்டு பக்கத்துப் பாட்களையும் டிஸ்க்கின் மேல் நெரிக்கிறது. காரின் வேகம் முழுவதும் அங்கே வெப்பமாக மாறுகிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒரு தடவை முழுதாக நிற்கும்போது வெளிவரும் வெப்பம், கிட்டத்தட்ட 800 மில்லிலீற்றர் தண்ணீரைச் சாதாரண சூட்டிலிருந்து கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரு கேத்தில் தேநீர்த் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்வதால் அதில் பெரும் பங்கு முன் டிஸ்க்குகள் இரண்டின் மேல் விழுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும்.

டிஸ்க் தடிப்பாக இருந்தால் அந்த வெப்பத்தை வாங்கி, மெதுவாகக் காற்றுக்குக் கொடுக்கும். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் கொதித்துவிடும். சமதரையில் இதை உணர மாட்டீர்கள். ஏ9 வீதியில் தம்புள்ளை வரை பெரிய இறக்கம் எதுவும் இல்லை. ஆனால் வன்னியில் இருக்கும் பல குடும்பங்களின் வேர் மலையகத்தில் இருக்கிறது. 1977க்கும் 1983க்கும் பிறகு வந்து குடியேறியவர்கள் திருவிழாவுக்கும் செத்தவீட்டுக்கும் ஹற்றன், நுவரெலியா என்று போய்வருகிறார்கள். வான் நிறைய ஆட்களோடு றம்பொடை வளைவுகளில் இறங்கும்போதுதான் டிஸ்க்கின் உண்மையான தடிப்புத் தெரியவரும்.

எப்போது மாற்ற வேண்டும்?

முதல் அறிகுறி கீச்சென்ற சத்தம். பல பாட்களில் சிறிய தகட்டு நாக்கு ஒன்று பொருத்தியிருப்பார்கள். பாட் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டும் மிச்சமிருக்கும்போது அந்த நாக்கு டிஸ்க்கில் உரசிக் கத்தும். இந்த நேரத்தில் பாட்டை மட்டும் மாற்றினால் போதும், டிஸ்க் தப்பிவிடும். இதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்து வருவது இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம்.

அந்தச் சத்தத்தை நான் மறக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் நீண்டுகொண்டு போன காலத்தில், தாய்மாரோடு ஹயர் வான்களில் பல தடவை பயணம் செய்திருக்கிறேன். ஒருநாள் வவுனியாவுக்குப் போகும்போது மாங்குளம் தாண்டியதிலிருந்து ஒவ்வொரு பிறேக்குக்கும் அந்த அரைபடும் சத்தம் வந்தது. வானில் பதினொரு பேர் இருந்தார்கள், மடியில் படங்கள். சாரதியிடம் கேட்டேன். “தெரியும் தங்கச்சி, இந்த ஹயர்க் காசு வந்தாத்தான் மாத்தலாம்” என்றார். அவர் பொறுப்பில்லாத மனிதர் அல்ல. பாட்டுக்குக் காசு கிடைக்கும் நேரத்தில் டிஸ்க்கும் போய்விடுகிறது, அதற்குக் காசு சேர்க்கும் நேரத்தில் இன்னும் பத்து ஓட்டம் ஓடிவிடுகிறது. முதல் கீச்சுச் சத்தத்திலேயே பாட் மாற்றுவதுதான் மலிவான வழி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது அறிகுறி, பிறேக் பிடிக்கும்போது மிதி காலுக்குக் கீழே துடிப்பது, ஸ்ரியறிங் நடுங்குவது. கராஜில் “டிஸ்க் வளைஞ்சிட்டுது” என்பார்கள். பல நேரங்களில் டிஸ்க் வளைவதில்லை. சுற்றுவட்டத்தில் தடிப்பு ஒரே சீராக இல்லாமல் போயிருக்கும், அல்லது டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் இடையில் கறள் சேர்ந்து தட்டு சற்றுச் சரிந்து நிற்கும். அனுமதிக்கப்படும் ஆட்டம் பொதுவாக 0.05 மில்லிமீற்றர் அளவுதான், அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. கறள் துணுக்கு ஒன்று போதும், அதைத் தாண்டிவிடும்.

மூன்றாவது, கண்ணால் பார்ப்பது. சில்லைக் கழற்றி டிஸ்க்கின் முகத்தைத் தடவிப் பாருங்கள் (ஓடி வந்த உடனே அல்ல, தோல் வெந்துவிடும்). நகம் இடறும் அளவுக்குப் பள்ளக் கோடுகள், மேற்பரப்பில் வெடிப்பு, நீலம் பாய்ந்த திட்டுகள், ஓரத்தில் உயர்ந்த வரம்பு ஆகியவை இருந்தால் அளக்க வேண்டும். முல்லைத்தீவு, பருத்தித்துறை, மன்னார் போன்ற கரையோரங்களில் உப்புக் காற்றால் டிஸ்க் சீக்கிரம் கறள் பிடிக்கும். ஒரு மழை இரவுக்குப் பிறகு தெரியும் மெல்லிய செம்மஞ்சள் படலம் பிரச்சினை இல்லை, இரண்டு பிறேக்கில் போய்விடும். மாதக்கணக்கில் நின்ற காரில் பொருக்காக உரியும் கறள் வேறு விடயம்.

அளப்பது எப்படி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ, ஆகக் குறைந்த தடிப்பு எவ்வளவு என்று வார்ப்பிலேயே பொறித்திருப்பார்கள். ‘மின் டி.எச்.’ என்ற ஆங்கில எழுத்துகளும் மில்லிமீற்றரில் ஓர் எண்ணும் இருக்கும். கறளுக்குள் மறைந்திருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். புதிய டிஸ்க்குக்கும் அந்த எல்லைக்கும் இடையில் சிறிய கார்களில் இரண்டு மில்லிமீற்றர் அளவுதான் வித்தியாசம். மைக்றோமீற்றர் இல்லாத வீட்டில் சாதாரண வேர்னியர் இடுக்கியால் அளக்கும்போது தேயாத வெளி வரம்பு இடுக்கியில் தட்டி, உள்ளதைவிடக் கூடிய தடிப்பைக் காட்டும். அத்தான் சொல்லித்தந்த வழி இது: ஒரே மாதிரியான இரண்டு நாணயங்களை எடுத்து முதலில் அவற்றின் தடிப்பை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிஸ்க்கின் இரு பக்கமும் தேய்ந்த இடத்தில் ஒவ்வொன்றாக வைத்து நாணயங்களோடு சேர்த்து அளந்து, நாணயங்களின் தடிப்பைக் கழியுங்கள். வட்டத்தில் ஐந்தாறு இடத்தில் அளந்து, ஆகக் குறைந்ததைக் கணக்கில் எடுங்கள்.

எல்லைக்குக் கீழே இருந்தால் பேச்சுக்கு இடமில்லை, மாற்றத்தான் வேண்டும். கடைந்த பிறகும் எல்லைக்கு மேலேயே இருக்கும் என்றால் மட்டும் லேத்துக்குக் கொண்டுபோகலாம். லேத்காரரிடம் எண்ணைச் சொல்லுங்கள். “கொஞ்சம் கிடக்கு, எடுக்கலாம்” என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். எல்லையைத் தாண்டி மெலிந்த டிஸ்க்கில் பிஸ்ரன் வழக்கத்தைவிட வெளியே வந்து நிற்கும். பாட்டும் தேய்ந்துவிட்டால் ஒயில் கசியக்கூடும். அதற்குப் பிறகு மிதித்தாலும் எதுவும் நடக்காது.

பொருள் வாங்குவது

டிஸ்க்கை எப்போதும் சோடியாக மாற்ற வேண்டும். இடது புதிது, வலது பழையது என்றால் பிறேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். புதிய டிஸ்க்குக்குப் புதிய பாட். பழைய பாட் பழைய டிஸ்க்கின் பள்ளங்களுக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும், புதியதில் சரியாகப் படியாது.

கடைக்குப் போகும்போது செஸி இலக்கத்தைக் கொண்டுபோங்கள். ஒரே பெயருள்ள காருக்கு வருடத்துக்கு வருடம் டிஸ்க்கின் விட்டம் மாறும். முடிந்தால் கழற்றிய பழையதையும் கொண்டுபோய் விட்டம், தடிப்பு, நட் துளைகள், நடுத்துளை நான்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் பாவித்த ஜப்பான் டிஸ்க் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்குவது தவறில்லை, அளந்து வாங்கினால். கடையில் நின்று இடுக்கியை எடுத்தால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அதுவும் பெண்ணொருத்தி எடுத்தால் இன்னும் கூடுதலாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

போருக்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் குவிந்து கிடந்த வாகனங்களைக் கண்டவர்களுக்கு, இரும்பு எப்படிக் கைமாறிப் போனது என்பது தெரியும். நெருப்பில் வெந்த வாகனத்தின் எந்த உதிரிப்பாகமும் பிறேக்குக்கு ஆகாது. வார்ப்பிரும்பு ஒருதடவை அப்படிச் சுட்டுவிட்டால் வெளியே பார்த்து அதன் பலத்தைக் கணிக்க முடியாது. இப்போது அப்படியான பொருள் கடைகளுக்கு வருவது அரிது என்றாலும், வரலாறு தெரியாத இரும்பை வாங்காமல் இருப்பதுதான் நல்லது.

காரை உயர்த்துவது

இந்த வேலையில் உயிராபத்து அதிகம் உள்ள கட்டம் இதுதான். வன்னி மண் மணல்பாங்கானது. ஜக்கை நேரடியாக நிலத்தில் வைத்தால் மெல்லப் புதைந்து சரியும். சீமெந்துத் தரை இல்லாவிட்டால் அகலமான தடித்த பலகையை அடியில் வையுங்கள். சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்களைக் கால்சுற்று இளக்கிவிடுங்கள், தூக்கிய பிறகு இளக்கப் போனால் கார் ஆடும். பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹான்ட் பிறேக்கை இழுத்து, ஓட்டோமற்றிக் என்றால் ‘பீ’யிலும் மற்றதென்றால் முதல் கியரிலும் விடுங்கள்.

ஜக் என்பது தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. தூக்கியதும் ஜக் ஸ்ராண்ட் வையுங்கள். அயலில் கராஜ் இருந்தால் ஒருநாள் வாடகைக்கோ முகத்துக்கோ தருவார்கள். அது இல்லையென்றால் தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். பதுங்குகுழிக்குப் பனங்குற்றி அடுக்கிய தலைமுறைக்கு இதைப் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. ஆனால் உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக் கல் வேண்டவே வேண்டாம். சுவராக நிற்கும்போது எவ்வளவு பாரம் தாங்கினாலும், ஒரு முனையில் குத்தும் பாரத்துக்கு அது எச்சரிக்கையே இல்லாமல் ஒரே நொடியில் நொருங்கிவிடும். கழற்றிய சில்லையும் காரின் ஓரச் சட்டத்துக்குக் கீழே தள்ளிவிடுங்கள். எல்லாம் பிழைத்தாலும் கார் அதன் மேல் விழும், உங்கள் மேல் அல்ல.

பிள்ளைகளையும் கோழிகளையும் விரட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கழற்றுவது

ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மற்றப் பக்கத்துக்குப் போங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால், எது எப்படி இருந்தது என்ற சந்தேகம் வரும்போது பார்த்து அறிய எதுவும் மிச்சமிருக்காது. ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுத்து வைத்தேன். எனக்குத் தெரிந்த தொழில் அது.

கலிப்பரின் பின்பக்கம் இரண்டு போல்ற்கள் இருக்கும். அவற்றைக் கழற்றினால் கலிப்பர் மேலே எழும்பும். அதை பிறேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். உள்ளே இழை கிழிந்தால் வெளியே தெரியாது, பின்னொருநாள் அவசர பிறேக்கில் வெடிக்கும். ஒரு கட்டுக்கம்பியால் மேலே ஸ்பிறிங்கோடு கட்டிவிடுங்கள். கட்டும்போதே ஹோஸை வளைத்துப் பாருங்கள்; ரப்பரில் வெடிப்பு இருந்தால் அதையும் மாற்ற வேண்டும், அது மெக்கானிக்கின் வேலை. பாட்களை வெளியே எடுங்கள், எந்தத் தகடு எங்கே இருந்தது என்று பாருங்கள். அடுத்து கலிப்பரைத் தாங்கும் சட்டத்தின் இரண்டு பெரிய போல்ற்கள். இவை நன்றாக இறுக்கப்பட்டிருக்கும். நீளமான கைபிடி வேண்டும், ஸ்பனரைச் சுத்தியலால் அடிப்பதைவிட அது நல்லது.

தூசியைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ போக்க வேண்டாம். பழைய பாட்களில், அதிலும் பழைய வாகனங்களில், அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

இனி டிஸ்க் கையோடு வரவேண்டும். பத்து வருடக் காரில் வராது, ஹப்போடு கறள் ஒட்டிப் பிடித்திருக்கும். டொயோட்டா உட்படப் பல ஜப்பான் கார்களில் டிஸ்க்கின் முகத்தில் மரைவெட்டிய இரண்டு சிறு துளைகள் இருக்கும். எதற்கென்று தெரியாமல் பலர் சுத்தியலை எடுக்கிறார்கள். அவை இதற்காகவே வெட்டியவை. 8 மில்லிமீற்றர் போல்ற் இரண்டை அவற்றில் போட்டு, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாறி மாறி இறுக்கினால், டிஸ்க் ‘டக்’ என்று தானாகக் கழன்று வரும். ஹொண்டாக்களில் பெரிய திருகாணி இரண்டு பிடித்துக்கொண்டிருக்கும், முதலில் அவற்றைக் கழற்ற வேண்டும். துளையே இல்லாத டிஸ்க் என்றால் கறள் இளக்கியைத் தெளித்துவிட்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். பிறகு சில்லு நட்கள் பொருந்தும் நடுப்பகுதியில் ரப்பர்ச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஹப்பை ஓங்கி அடித்தால் பெயாறிங் போய்விடும், டிஸ்க் மாற்றிய செலவோடு அதுவும் சேரும்.

ஹப்பைச் சுத்தம் செய்வது

கராஜ்களில் அவசரத்தில் தவிர்க்கப்படும் வேலை இது. வீட்டில் செய்வதால் கிடைக்கும் பெரிய லாபமும் இதுதான், எங்களுக்கு அவசரம் இல்லை. டிஸ்க் வந்து உட்காரும் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையாலும் எமரிப் பேப்பராலும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். நட் ஏறும் தண்டுகளின் அடியைச் சுற்றித்தான் கறள் ஒளிந்திருக்கும். நான் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் எடுத்தேன். போதும் என்று நான் எழும்பியபோது அத்தான் விரலால் தடவிப் பார்த்து, “இன்னும் கிடக்கு பிள்ளை” என்றார். முன்பு சொன்ன 0.05 மில்லிமீற்றர் கணக்கு இங்கேதான் தீர்மானிக்கப்படுகிறது. புதிய டிஸ்க் போட்ட சில மாதத்திலேயே மிதி துடிக்கத் தொடங்கினால், டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் ஹப்பைத்தான் நான் சந்தேகிப்பேன்.

புதிய டிஸ்க்கில் கறள் பிடிக்காமலிருக்க மெல்லிய எண்ணெய் பூசியிருப்பார்கள். அதோடு பூட்டினால் பாட் அந்த எண்ணெயைக் குடித்துவிடும், பிறகு பிடிக்காது. பிறேக் கிளீனர் தெளித்துத் துடையுங்கள். அது கிடைக்காவிட்டால் பாத்திரம் கழுவும் திரவமும் சுடுதண்ணீரும் போதும். கழுவிய உடனே உலர்த்துங்கள். பெற்றோல் வேண்டாம், படலத்தை விட்டுப்போகும், தீயாபத்தும் உண்டு.

பிஸ்ரனும் ஒயிலும்

புதிய பாட் தடிப்பானது என்பதால் பிஸ்ரனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பாட் ஒன்றைப் பிஸ்ரனின் மேல் வைத்து, தச்சர் பாவிக்கும் ஜீ கிளாம்பால் மெல்ல இறுக்கினால் உள்ளே போகும். அதற்கு முன் பொனற்றைத் திறந்து ஒயில் குப்பியைப் பாருங்கள். பிஸ்ரன் உள்ளே போகும்போது ஒயில் மேலே ஏறும். நிரம்பி வழிந்தால் வர்ணப்பூச்சை உரித்துவிடும். கூடுதலாக இருந்தால் பாவிக்காத ஊசிக் குழாயால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பிஸ்ரன் நகராமல் அடம் பிடித்தாலோ, அதைச் சுற்றிய ரப்பர் கிழிந்து ஈரம் தெரிந்தாலோ அதோடு உங்கள் வேலை முடிந்தது. கலிப்பர் திருத்துபவரைக் கூப்பிடுங்கள்.

கலிப்பர் வழுக்கி ஓடும் இரண்டு ஊசிகளையும் இழுத்துத் துடைத்து, பிறேக்குக்கென்று விற்கும் சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள். சாதாரண கிறீஸ் ரப்பரை வீங்க வைக்கும். அந்த ஊசி இறுகினால் ஒரு பக்கத்துப் பாட் மட்டும் தேயும். பழைய பாட்களில் ஒன்று மட்டும் சப்பையாக வந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒயிலைப் பற்றி ஒரு சொல். குப்பியின் மூடியில் டொட் 3 அல்லது டொட் 4 என்று எழுதியிருக்கும், அதையே ஊற்ற வேண்டும். எஞ்சின் ஒயிலோ ஹைட்ரோலிக் ஒயிலோ ஊற்றினால் ரப்பர்கள் அனைத்தும் வீங்கி, முழு பிறேக் அமைப்பையும் மாற்ற வேண்டிவரும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அது 140 வரை இறங்கலாம். இறக்கத்தில் சூடேறி ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி வரும், மிதி தரைவரை போகும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றச் சொல்கிறார்கள். திறந்து வைத்த அரைப் போத்தலை அடுத்த வருடத்துக்கு வைத்திருக்க வேண்டாம்.

பூட்டுவது

கழற்றிய ஒழுங்கைத் திருப்பிச் செய்தால் போதும். டிஸ்க், சட்டம், தகடுகள், பாட்கள், கலிப்பர். டிஸ்க்கின் முகத்தில் கை படாமல் ஓரத்தைப் பிடியுங்கள். சட்டத்தின் போல்ற்களையும் கலிப்பர் போல்ற்களையும் எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது ஒவ்வொரு காருக்கும் வேறு. கைநூலில் உள்ள எண்ணைப் பின்பற்றுங்கள், இந்த இரண்டுக்கும் ஊகம் கூடாது, இறுக்கத்தை அளக்கும் டோர்க் ஸ்பனரை இரவல் வாங்கியாவது செய்யுங்கள். சில்லு நட்களுக்கு டொயோட்டாவின் சிறிய கார்களில் 103 நியூட்டன் மீற்றர். அதைக் கைக்கணக்கில் சொன்னால், அரை மீற்றர் நீளக் கைபிடியின் நுனியில் 21 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். கைபிடி மேல் ஏறி நின்று குதிப்பவர்கள் அதைப் பல மடங்கு தாண்டிவிடுகிறார்கள். தண்டு முறிவதும் அப்படித்தான். சில்லு நிலத்தைத் தொட்ட பிறகு, பக்கத்து நட்டை அல்லாமல் எதிர் எதிராக இறுக்குங்கள்.

இப்போது எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். முடியவில்லை. பிஸ்ரனை உள்ளே தள்ளியிருக்கிறோம், அதற்கும் பாட்டுக்கும் இடையில் வெளி இருக்கிறது. முதல் மிதிக்குக் கால் தரைவரை போகும், பிறேக் பிடிக்காது. காரை ஸ்ராற் செய்து பின்னுக்கு எடுத்தபடி முதல் தடவை மிதித்தால், முற்றத்துச் சுவரோ கிணற்றுக்கட்டோதான் நிறுத்தும். ஆகவே எஞ்சினைத் தொடாமல், கார் அசையாத நிலையில், மிதி கல் மாதிரி இறுகும்வரை மிதித்து மிதித்து விடுங்கள். பிறகு குப்பியில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். பத்துப் பதினைந்து தடவை மிதித்தும் பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே காற்றுப் போயிருக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. கார் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது.

பழக்குவது

புதிய டிஸ்க்கும் பாட்டும் ஒன்றோடொன்று பழக வேண்டும். அதிகாலையில் வாகனம் குறைந்த நேரான வீதிக்குப் போங்கள். நாங்கள் பரந்தன் பூநகரி வீதிக்குப் போனோம். மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 10 வரை ஓரளவு அழுத்திக் குறைப்பது, அரை நிமிடம் ஓடி ஆறவிடுவது, திரும்பச் செய்வது. எட்டுப் பத்துத் தடவை போதும். இடையில் முழுதாக நிறுத்தி மிதியை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டாம், சூடான பாட் ஒரே இடத்தில் படிந்து தடம் விடும். கொஞ்சம் மணம் வரும், பயப்படத் தேவையில்லை. முதல் 200 கிலோமீற்றருக்குப் பிறேக் கொஞ்சம் பின்தங்கியே பிடிக்கும் என்ற நினைப்போடு ஓடுங்கள். வன்னி வீதிகளில் இரவில் தார்ச் சூட்டுக்கு வந்து படுக்கும் மாடுகளுக்கு உங்கள் டிஸ்க் புதிது என்பது தெரியாது. 100 கிலோமீற்றர் அளவில் சில்லு நட்களை ஒருதடவை திரும்ப இறுக்கிப் பாருங்கள்.

யார் செய்யக் கூடாது?

அக்குவா, பிறியஸ் போன்ற ஹைபிறிட் வைத்திருப்பவர்கள் இதை வீட்டில் தொடங்க வேண்டாம். அவற்றின் பிறேக்கை ஒரு மின்பம்பி இயக்குகிறது. கதவைத் திறந்தாலே அது அழுத்தம் ஏற்றக்கூடும், கலிப்பர் கழன்றிருக்கும் நேரம் பிஸ்ரன் வெளியே பாயும். ஸ்கானர் வைத்திருப்பவர் அதை முடக்கிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். பொத்தானால் இயங்கும் ஹான்ட் பிறேக் உள்ள கார்களின் பின் சில்லுகளுக்கும் இதே விதி. பின்பக்கம் ட்றம் பிறேக் உள்ள சிறிய கார்கள்தான் எங்கள் பக்கம் அதிகம், ட்றம் வேறு வேலை, அதைப் பற்றி இங்கே சொல்லவில்லை.

ஹயர் ஓடும் வான், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வான் என்றால், வீட்டில் மாற்றினாலும் வீதிக்கு இறக்குவதற்கு முன் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் சில்லைக் கழற்றிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பார்வைக் கூலி பெரிய காசு அல்ல, எங்கள் கராஜ்காரர்கள் பலர் அதற்குக் காசே வாங்குவதில்லை.

உறிஞ்சி எடுத்த பழைய ஒயிலை முற்றத்தில் ஊற்ற வேண்டாம். யாழ்ப்பாணத்தில் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். மேலே விடுவது விரைவில் கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்து, ஊரே குடிதண்ணீருக்கு அலைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒயிலைப் பழைய போத்தலில் மூடி, பெயர் எழுதி, பிள்ளைகள் எடுக்காத இடத்தில் வைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுங்கள். கழற்றிய டிஸ்க்குகளைப் பழைய இரும்புக்காரர் நிறுத்து எடுப்பார். கொடுப்பதற்கு முன் இன்னொரு காரில் ஏறிவிடாதபடி கிறைண்டரால் ஒரு வெட்டுப் போட்டுவிடுங்கள்.